பழங்காசுக் கடை: விற்பது பாதி, எழுதுவது பாதி

இணையத்தில் நாணயக் கடை தொடங்கப்போகிறேன் என்று யாராவது வந்தால், முதலில் ஒரு சின்ன வேலை கொடுப்பேன். கையில் இருக்கும் நாணயங்களில் சுமாரான ஒன்றை எடுங்கள், நல்லது வேண்டாம். அதைக் கண்ணால் பார்க்காத ஒருவர் உங்கள் எழுத்தைப் படித்துவிட்டுப் பணம் அனுப்ப வேண்டும். நாணயம் கைக்கு வந்ததும் "எழுதியிருந்த மாதிரியே இருக்கிறதே" என்று சொல்ல வேண்டும். அப்படி ஒரு பத்தி எழுதிக் காட்டுங்கள். பலரும் நாட்டின் பெயர், ஆண்டு, "மிக அரிது", "நல்ல நிலை" என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுவார்கள். கடை எங்கே இடறப்போகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

சட்டை விற்பவருக்கு ஒரு வசதி உண்டு. ஒரு சட்டையைப் படமெடுத்து ஒருமுறை விவரம் எழுதிவிட்டால், அதே பக்கத்தை வைத்துக்கொண்டு ஆயிரம் சட்டை விற்கலாம். பழைய நாணயத்தில் அது நடக்காது. ஒரே ஆண்டில் ஒரே அச்சிலிருந்து அடுத்தடுத்து விழுந்த இரண்டு நாணயங்கள்கூட நூறு வருடம் கழித்து இரண்டு தனித்தனிப் பொருள்கள்தான். ஒன்றை யாரோ பெட்டியில் போட்டு மறந்திருப்பார்கள். இன்னொன்று பல கை மாறி, அரசரின் மூக்கும் முடியும் மழுங்கிப் போயிருக்கும். மூன்றாவது ஒன்றில் கண்ணி பற்றவைத்து யாரோ கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். கண்ணியை எடுத்துவிட்டாலும் விளிம்பில் அந்தத் தடம் இருக்கும். ஆகவே ஒவ்வொரு நாணயத்துக்கும் தனிப் படம், தனி எடை, தனி விவரம், தனி எண். விற்றதும் அந்தப் பக்கத்தின் ஆயுள் முடிந்தது. அடுத்த நாணயத்துக்கு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இதில் ஒரு கொடுமை, விலை குறைந்த நாணயத்துக்கும் விலை கூடியதற்கும் உழைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். படமெடுக்கும் நேரம் அதேதான், கட்டி அனுப்பும் நேரமும் அதேதான். "சின்ன விலையில் நிறைய விற்றுக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்வோம்" என்ற திட்டம் காகிதத்தில் அழகாக இருக்கும். கட்டணத் தளத்தின் பிடித்தம், அட்டை, உறை, தபால் எல்லாம் போனபின் ஒரு மணி நேர வேலைக்கு என்ன மிஞ்சுகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒற்றையாக விற்றால் கட்டுப்படியாகாத நாணயங்களுக்கு என் கடையில் ஒரு கீழ்வரம்பு உண்டு. அதற்குக் கீழே வருவதெல்லாம் நாடுவாரியாகவோ காலவாரியாகவோ தொகுப்பாகத்தான் போகும்.

முதலீட்டுக்காக வாங்கப்படும் புதிய வெள்ளி, தங்க நாணயங்கள் இதற்கு விதிவிலக்கு. அவை ஒன்றுபோலவே இருக்கும், ஒரு படம் போதும். ஆனால் அங்கே உலோக விலைக்கு மேல் கிடைக்கும் லாபம் மெல்லியது, போட்டியாளர்கள் பெரியவர்கள். திருட்டுக் கடன் அட்டையில் பொருள் வாங்குபவர்களுக்கும் அவைதான் பிடிக்கும். வாங்கிய அன்றே எங்கேயும் விற்றுவிடலாம் அல்லவா? புதுக் கடைக்காரர் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

சரி, ஒரு நாணயத்தை எப்படி எழுதுவது? அளக்க முடிந்ததை முதலில் எழுதுகிறேன். நூறில் ஒரு கிராம் காட்டும் தராசு, ஒரு வெர்னியர் அளவி, ஒரு பூதக்கண்ணாடி, இவை இல்லாமல் கடையே இல்லை. எடை, விட்டம், உலோகம், விளிம்பில் வரி இருக்கிறதா வழவழப்பா என்று வரிசையாகப் போகும். அப்புறம் அச்சுத் திசை. நாணயத்தை மேலிருந்து கீழாகப் புரட்டினால் பின்பக்கம் நேராக நிற்கும் வகை ஒன்று, இடமிருந்து வலமாகப் புரட்டினால் நேராக நிற்கும் வகை இன்னொன்று. இதைப் பெரும்பாலான விற்பனையாளர்கள் எழுதுவதே இல்லை. போலி செய்பவர்களும் சில நேரம் இதைக் கவனிப்பதில்லை. அதனாலேயே அது எழுத வேண்டிய விவரம்.

நாணயத்தின் மேலிருக்கும் ஆண்டை அப்படியே நம்பி எழுதிவிடக் கூடாது. மரியா தெரேசா தாலர் இதற்குப் பேர்போனது. ஆஸ்திரிய அரசி மரியா தெரேசா இறந்தது 1780இல். அவர் இறந்தபின்னும் அதே 1780ஆம் ஆண்டைப் பொறித்து அந்த வெள்ளி நாணயத்தை அடித்துக்கொண்டே இருந்தார்கள். செங்கடல் கரை நாடுகளிலும் எத்தியோப்பியாவிலும் வியாபாரிகள் அதைத்தான் கேட்டார்கள் என்பதே காரணம். வியன்னாவில் மட்டுமல்ல, ரோம், லண்டன், பாரிஸ், பம்பாய் நாணயச் சாலைகளிலும் அது அச்சாகியிருக்கிறது. எல்லாவற்றிலும் எடை சுமார் 28.07 கிராம், எல்லாவற்றிலும் 1780. எந்த ஊரில், எந்தக் காலத்தில் அடித்தது என்று அரசியின் மார்பு ஊசியையும் கழுகின் இறகுகளையும் வைத்துப் பிரிக்கிறார்கள். இதைப் பிரிக்கத் தெரியாமல் "240 வருடப் பழமையான நாணயம்" என்று எழுதினால், விவரம் தெரிந்த வாங்குபவர் அந்தப் பக்கத்தை மட்டுமல்ல, கடையையே மூடிவிட்டுப் போய்விடுவார். விக்டோரியாவின் 1862 ரூபாயும் இப்படித்தான். அந்த ஆண்டெண்ணை மாற்றாமலேயே அதற்குப் பின் பல வருடங்கள் அடித்தார்கள். நாணயத்தில் இருக்கும் சின்னப் புள்ளிகளின் எண்ணிக்கையையும் இடத்தையும் வைத்து வகை பிரிப்பது ஒரு தனி உலகம். புள்ளியைப் பார்க்காமல் விற்றால், அரிய வகையொன்றைச் சாதாரண விலைக்குக் கொடுத்துவிடவும் வாய்ப்பு உண்டு.

அளக்க முடியாதது தரம். சண்டையெல்லாம் இங்கேதான் வரும். இன்று உலகம் முழுவதும் புழங்கும் 1 முதல் 70 வரையிலான அளவுகோலை 1949இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் கொடுத்தார். அமெரிக்காவின் பழைய பெரிய செம்புச் சென்ட் நாணயங்களுக்காக அவர் போட்ட விலைக் கணக்கு அது. 70 தர நாணயம் 1 தர நாணயத்தைவிட எழுபது மடங்கு பெறும் என்பது அவர் எண்ணம். விலைக் கணக்கு சீக்கிரமே பொய்த்துப்போனது, எண்கள் மட்டும் நிலைத்துவிட்டன. 60 முதல் 70 வரை புழக்கத்துக்கே போகாத நாணயங்கள். அதற்குக் கீழே தேய்மானத்தின் படிகள். நாணயத்துக்குத் தரச்சான்று கொடுக்கும் நிறுவனங்களான பிசிஜிஎஸ் 1986இலும் என்ஜிசி 1987இலும் தொடங்கியபின், இந்த எண்ணை மூன்றாம் ஆள் ஒருவர் தீர்மானித்து, நாணயத்தைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடி முத்திரை வைத்துக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. சேகரிப்பாளர்கள் அதை ஸ்லாப் என்பார்கள்.

புதுக் கடைக்காரர்கள் ஸ்லாப்பைப் பார்த்ததும் நிம்மதியாகிவிடுகிறார்கள். தரம் எழுதும் பொறுப்பு போய்விட்டது என்று நினைப்பு. எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். விலை கூடிய நாணயத்துக்கு ஸ்லாப் அவசியம். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவில் ஒரு பொது மொழி கிடைக்கிறது. ஆனால் ஸ்லாப்பிலும் போலி உண்டு. சான்றெண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் அதோடு கையில் இருப்பதை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வாங்குவேன். எண் சரியாக இருந்து நாணயம் வேறாக இருப்பதும் உண்டு, நல்ல ஸ்லாப்பின் எண்ணைத் திருடிப் போலி ஸ்லாப்பில் ஒட்டிவிடுவார்கள். அப்புறம், சாதாரண நாணயத்துக்குத் தரச்சான்று வாங்கும் செலவு நாணயத்தின் விலையையே தாண்டிவிடும். ஆகக் கடையிலிருக்கும் பெரும்பான்மைக்கு நாமேதான் தரம் சொல்ல வேண்டும். நான் ஒரு படி குறைத்தே எழுதுவேன். "பரவாயில்லை, எழுதியதைவிட நன்றாக இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் அவர் மறுபடி வருவார்.

அதைவிட முக்கியம், குறையை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது. விளிம்பில் அடிபட்டிருக்கிறது, அரசரின் கன்னத்தில் கீறல், யாரோ தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள். இதையெல்லாம் படத்தில் தெரிகிறதே என்று விடக் கூடாது. குறையைப் படித்துவிட்டு வாங்கியவர் நாணயத்தைத் திருப்பி அனுப்புவதில்லை. திருப்பி வரும் ஒரு நாணயத்துக்கு இரண்டு பக்கத் தபால் செலவு, மறுபடி பட்டியலிடும் வேலை, போதாததற்கு ஒரு கசப்பு. குறையை எழுத ஒரு நிமிடம் போதும்.

கழுவுவது பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் நல்லெண்ணத்தில் செய்யும் பெரிய நாசம் அதுதான். நாணயம் அடிக்கப்படும்போது உலோகம் அழுத்தத்தில் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நகர்கிறது. அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகள் உண்டாகின்றன. நாணயத்தை விளக்கடியில் சுழற்றினால் ஒளிக்கீற்று சுற்றிவருவதுபோல் தெரிவது அந்த வரிகளால்தான். பற்பசையோ வெள்ளிப் பாலிஷோ போட்டால் அந்த வரிகள் போய்விடும். அதன்பின் நாணயம் பளபளக்கலாம், ஒளிக்கீற்று மட்டும் சுற்றாது. பழகிய கண் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடும், விலையும் அந்த நொடியிலேயே விழுந்துவிடும். வெள்ளியில் காலப்போக்கில் படரும் மஞ்சள், ஊதா, நீல நிறங்களை அழுக்கு என்று நினைத்துத் துடைப்பதும் இதே வகைதான். அது வெள்ளி சல்பைடின் மெல்லிய படலம். இயற்கையாக அழகாக நிறமேறிய நாணயத்துக்குக் கூடுதல் விலை கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனாலேயே சூடேற்றியும் ரசாயனம் பூசியும் செயற்கையாக நிறமேற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரையாமல் திட்டுத்திட்டாக, ராமர் பச்சையும் கத்தரிப்பூ நிறமுமாக நின்றால் நான் அந்த நாணயத்தைத் தொடுவதில்லை.

அகற்றியே ஆக வேண்டிய ஒன்று உண்டு, பிவிசிப் பிசுக்கு. பிவிசி என்ற மலிவான மென்பிளாஸ்டிக்கில் செய்த உறைகளில் வருடக்கணக்கில் கிடந்த நாணயத்தில் பச்சையாக, ஒட்டும் தன்மையோடு ஒரு படிவு வரும். விட்டுவைத்தால் உலோகத்தை அரித்துவிடும். சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்தால் அது கரைந்துவிடும், உலோகத்துக்கு ஒன்றும் ஆகாது. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும், அது உதவாது. அசிட்டோன் தீப்பிடிக்கும் என்பதால் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, அடுப்பிலிருந்து தள்ளி உட்கார்ந்து செய்ய வேண்டும். தொடர்ந்து அதே உறையில் திருப்பிப் போட்டால் செய்ததெல்லாம் வீண். பிவிசி கலக்காத மைலார் உறைக்கு மாற்றிவிடுங்கள்.

படத்துக்கு விலை கூடிய கேமரா தேவையில்லை. கேமராவோ கைபேசியோ அசையாமல் நாணயத்துக்கு நேர் மேலே நிற்க வேண்டும், அதற்கு ஒரு தாங்கி வேண்டும். கைபேசியை மிக அருகில் கொண்டுபோனால் வட்டம் கோணலாகும். கொஞ்சம் விலக்கி, ஜூம் செய்து எடுக்கலாம். விளக்கு ஒன்றைப் பத்து மணித் திசையிலும் இன்னொன்றை இரண்டு மணித் திசையிலும் வைத்து ஆரம்பியுங்கள். வெள்ளைத் துணி கட்டி ஒளியை அதிகம் பரப்பினால் படம் மென்மையாகத்தான் இருக்கும், மினுமினுப்பும் கீறலும் சேர்ந்தே மறைந்துபோகும். சிலர் இதைத் தெரிந்தே செய்கிறார்கள் என்பதும் உண்மை. ஸ்கேனரில் எடுத்த படமும் அப்படித்தான், நாணயம் செத்துப்போனதுபோல் இருக்கும். சேகரிப்பவர்களுக்கென்றே தனியாக மெருகேற்றி அடிக்கும் புரூஃப் நாணயங்கள் கண்ணாடிபோல் பளபளப்பதால் பெரிய தலைவலி. நாணயத்துக்கும் லென்ஸுக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் துண்டை 45 பாகையில் சாய்த்து, பக்கவாட்டில் வரும் ஒளியை நேராகக் கீழே விழவைத்தால் தீரும். இரண்டு பக்கங்களோடு விளிம்பையும் ஒரு படம் எடுத்துப் போடுவது என் வழக்கம். இன்னொன்று, நாணயத்தின் மேல் குனிந்து பேசாதீர்கள். தெறிக்கும் எச்சில் துளி சில மாதங்களில் கரும்புள்ளியாக மாறும்.

போலிகளைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது. ஆனாலும் ஒருவரைச் சொல்லாமல் விட மனமில்லை. 1830இல் இறந்த கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் என்ற ஜெர்மானியர் பண்டைய கிரேக்க, ரோமானிய நாணயங்களைத் தன் கையால் அச்சு வெட்டிச் செய்தவர். புதிதாக அடித்ததற்குப் பழமை வருவதற்காக, இரும்புத்தூள் நிரப்பிய பெட்டியில் அவற்றைப் போட்டுத் தன் குதிரை வண்டியில் கட்டிக்கொண்டு சுற்றுவாராம். அதற்கு "வயசான கனவான்களை வண்டியில் உலாத்தக் கூட்டிப்போகிறேன்" என்று ஒரு பெயரும் வைத்திருந்தார் என்பார்கள். இன்று பெக்கரின் போலிகளையே தனியாகச் சேகரிக்கிறார்கள்!

அன்றாடம் கடைக்கு வரும் போலிகளுக்கு அவ்வளவு கலை கிடையாது. பாதிக்கு மேல் தராசிலேயே மாட்டிக்கொள்ளும். அமெரிக்க மோர்கன் வெள்ளி டாலர் 26.73 கிராம், விட்டம் 38.1 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் தங்க சாவரின் 7.99 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, 22.05 மில்லிமீட்டர். தேய்ந்த நாணயம் கொஞ்சம் குறையலாம், கிராம் கணக்கில் குறைந்தால் அது வேறு கதை. வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. வலுவான காந்தத்தைச் சாய்ந்த வெள்ளி நாணயத்தின்மேல் விட்டால் தயங்கித் தயங்கி வழுக்கிவரும். 1943இல் போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் அமெரிக்கா சென்ட் நாணயத்தைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தது. வெண்கலத் தகடு தவறிப்போய் உள்ளே விழுந்து அடிபட்டவை மிகச் சில. அந்தச் சில நாணயங்களில் ஒன்று என்று நம்பவைக்க எஃகுச் சென்ட்டுக்குச் செம்பு முலாம் பூசி விற்கிறார்கள். காந்தம் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், கதை முடிந்தது. 1948இன் எட்டைச் சுரண்டி மூன்றாக்கியதைக் காந்தம் காட்டிக்கொடுக்காது. அதற்குப் பூதக்கண்ணாடிதான். தண்ணீரில் மூழ்கவைத்து அடர்த்தி பார்ப்பதும் நல்ல வழி. கன சென்டிமீட்டருக்குச் சுத்த வெள்ளி 10.49 கிராம், சுத்தத் தங்கம் 19.3, ஈயம் 11.3. டங்ஸ்டன் மட்டும் தங்கத்துக்கு ஒட்டி 19.25இல் நிற்பதால், தங்கத்தில் இந்தச் சோதனையோடு நின்றுவிடக் கூடாது.

சந்தேகம் தீராத நாணயத்தை "தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்" என்று எழுதி விற்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. சந்தேகமென்றால் பட்டியலில் ஏற்றுவதில்லை. நகல் நாணயங்களை விற்பதாக இருந்தால் சட்டத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி நகல் நாணயத்தின் மேலேயே நகல் என்று பொறித்திருக்க வேண்டும். பண்டைய நாணயங்களுக்குச் சிக்கல் இன்னும் கூடுதல். 1970 யுனெஸ்கோ உடன்படிக்கைக்குப் பின் பல நாடுகள் தொல்பொருள் வெளியேறுவதையும் நுழைவதையும் கட்டுப்படுத்துகின்றன, நாணயமும் அதில் அடங்கும். எங்கே, யாரிடம், எப்போது வாங்கினோம் என்ற சீட்டு இல்லாத பண்டைய நாணயத்தை எல்லை தாண்டி அனுப்புவது வம்பு.

விலை வைப்பதில் ஒரே ஒரு விஷயம். பட்டியல் புத்தக விலையையும், மற்றவர்கள் கேட்கும் விலையையும் பார்க்காதீர்கள். யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். ஏல நிறுவனங்களின் பழைய முடிவுகளில் அதே நாணயம் அதே தரத்தில் எவ்வளவுக்குப் போனது என்பதுதான் விலை. அதிலும் ஏலத்தொகைக்கு மேல் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குக் கட்டும் கமிஷன் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வாங்குவது இதைவிடக் கஷ்டம். அப்பா சேர்த்து வைத்துவிட்டுப் போன பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர், இணையத்தில் எங்கோ கோடிக்கணக்கில் போன ஒரு நாணயத்தைப் பற்றிப் படித்துவிட்டுத்தான் வருவார். பெட்டியில் இருப்பதில் பெரும்பகுதி உலோக விலைக்குப் போகும், ஒன்றிரண்டுதான் தேறும். அந்த ஒன்றிரண்டைத் தனியாக எடுத்து மேசையில் வைத்து, "இவை நல்லவை, இதற்கு இவ்வளவு, மீதிக்கு இவ்வளவு" என்று பிரித்துச் சொல்லிவிடுவேன். மொத்தமாக ஒரு தொகை சொல்லி நல்லதை உள்ளே அமுக்கிக்கொள்வது இந்தத் தொழிலில் பழைய பழக்கம். அப்படி வாங்கியவர்களின் பெயர் சேகரிப்பாளர் வட்டத்தில் எவ்வளவு சீக்கிரம் பரவுகிறது என்பதையும் பார்த்திருக்கிறேன்.

அனுப்புவதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. நாணயம் உறைக்குள், உறை இரண்டு அட்டைகளுக்கு நடுவில் ஒட்டப்பட்டு, குலுக்கினால் சத்தம் வரக் கூடாது. அட்டை உறைக்கு ஸ்டேப்ளர் அடித்திருந்தால் ஊசி முனைகளை அழுத்திச் சமப்படுத்துங்கள். நாணயத்தை வெளியே எடுக்கும்போது விழும் கீறல்களில் பாதி அதனால்தான். கவரின் மேல் கடையின் பெயரில் நாணயம் என்ற சொல் இருக்கவே கூடாது. காப்பீடில்லாத சாதாரணக் கடிதத்தில் நாணயம் வைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவது அஞ்சல் விதிகளில் தடைசெய்யப்பட்டது. தனியார் கூரியர்களின் காப்பீட்டிலும் நாணயம் விலக்கப்பட்டிருப்பது சகஜம், ஒப்பந்தத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். திருப்பி அனுப்பும் வசதி கட்டாயம் வேண்டும், ஆனால் உறையின் முத்திரை உடையாமல் வந்தால்தான் என்று எழுதி வையுங்கள். நல்லதை எடுத்துக்கொண்டு தன்னிடமிருக்கும் மோசமானதைத் திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது விற்பனைக்கு எடுத்த படத்திலுள்ள அதே கீறல்தான் சாட்சி.

கடைசியாக, பலரும் கேட்பது: சேகரித்துக்கொண்டே விற்கலாமா? நான் சேகரிப்பது செம்பு, வெண்கலம் மட்டும். கடையில் அவை இரண்டும் கிடையாது. ஒரே வகையை இரண்டு பக்கமும் வைத்திருந்தால், மொத்தமாக வாங்கும் லாட்டில் சிறந்தது என் பெட்டிக்கும் மிச்சம் வாடிக்கையாளருக்கும் போகும், அந்த மிச்சத்தையும் நான் தூக்கி வைத்து எழுதத் தொடங்கிவிடுவேன். கலவையாக வாங்கும் லாட்டில் நல்ல செம்புக் காசு இருந்தால், ஏல முடிவுகளைப் பார்த்து அதற்கான விலையைக் கடைக் கணக்கில் என் பணமாகக் கட்டிவிட்டு எடுத்துக்கொள்வேன். கட்ட மனம் வராத காசு வேறு கடைக்காரருக்குப் போய்விடும்.